பேய்ப்பட ஸ்டில் என்பது படச்சுருளின் துண்டா?

உயரமான கறுப்புத் தொப்பி, தோள்வரை கலைந்து தொங்கும் முடி, பிதுங்கிய கண்கள், சிரிப்பில் வரிசையாகத் தெரியும் கூர்ப்பற்கள். பழைய பேய்ப்படங்களில் ஆர்வம் உள்ளவர்கள் இந்தக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். 1927 டிசம்பரில் அமெரிக்காவின் எம்ஜிஎம் ஸ்டூடியோ வெளியிட்ட 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' என்ற ஊமைப்படத்துக்காக எடுக்கப்பட்டது அது. தொப்பிக்குக் கீழே இருப்பவர் நடிகர் லான் சேனி. படத்தை இயக்கியவர் டாட் பிரவுனிங். கடைசியாக இருந்ததாகத் தெரியும் பிரதி 1965ல் எம்ஜிஎம் கிடங்கில் பற்றிய தீயில் எரிந்துபோனது. முழுப் படம் இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்தப் புகைப்படத்தைப் பகிர்கிறவர்கள் பலர், 'அழிந்துபோன படத்தில் இருந்து தப்பிய ஒரு காட்சி' என்றோ, 'படச்சுருளில் இருந்து எடுத்த ஒரு ஃப்ரேம்' என்றோ எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இந்தப் புகைப்படத்துக்கும் அந்தப் படச்சுருளுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. வேறு கேமராவில், வேறு ஆள், வேறு நெகட்டிவில், வேறு காரணத்துக்காக எடுத்தது. படம் போன பிறகும் இது எப்படி நம் கையில் இருக்கிறது என்பதற்கான பதிலே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

கல்யாண மண்டபத்தில் இரண்டு கேமராக்காரர்கள்

நம் ஊர்க் கல்யாணங்களில் வீடியோ எடுக்க ஒருவர், போட்டோ எடுக்க ஒருவர் இருப்பார்கள். தாலி கட்டுவதை வீடியோக்காரர் நடக்கிறபடியே எடுத்துக்கொண்டு போவார். போட்டோக்காரர் அப்படி விடமாட்டார். "மாப்பிள்ளை, கையை அப்படியே வைங்க. பொண்ணு கொஞ்சம் நிமிரும்மா. இங்க பாருங்க" என்பார். முடிச்சுப் போட்டு முடித்த மாப்பிள்ளை, இன்னும் போடுவது போலக் கையை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்ப்பார். ஆல்பத்தில் இடம்பிடிப்பது அந்தப் புகைப்படம். வீடியோவை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில், அதே பார்வையோடு அந்தக் கணம் சிக்காது.

ஆல்பம் பொய்யா என்றால் இல்லை. அதே மண்டபம், அதே மனிதர்கள், அதே பட்டுப்புடவை. ஆனால் நடந்ததை அப்படியே பதிவு செய்வது அதன் வேலை இல்லை. பார்க்கிறவர் மனதில் நிற்கிற மாதிரி ஒரு நிகழ்வை ஒரே புகைப்படத்தில் அடக்குவதுதான் அதன் வேலை.

ஹாலிவுட் ஸ்டூடியோவிலும் இதே ஏற்பாடுதான். சினிமா கேமராவுக்குப் பக்கத்தில் புகைப்படக் கேமராவோடு ஒருவர் காத்திருப்பார். அவர் எடுக்கும் புகைப்படத்துக்குப் பெயர் 'ஸ்டில்'. சினிமா கேமராவுக்குள் ஓடும் சுருளில் அடுத்தடுத்துப் பதியும் சின்னச் சின்னப் படங்களில் ஒவ்வொன்றும் ஒரு 'ஃப்ரேம்'. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் குழப்பத்துக்கெல்லாம் தொடக்கம்.

இரண்டு நெகட்டிவ்களுக்கு நடுவே உள்ள தூரம்

சினிமாச் சுருளின் அகலம் 35 மில்லிமீட்டர். இரு ஓரத்துத் துளைகளுக்கான இடத்தைக் கழித்தால், ஊமைப்பட காலத்தில் ஒரு ஃப்ரேமின் அளவு ஏறத்தாழ 24 மி.மீ. அகலம், 18 மி.மீ. உயரம். ஒரு தபால் தலை அளவுதான். அதே காலத்து ஸ்டில் கேமராவில் ஸ்டூடியோக்கள் வழக்கமாகப் பயன்படுத்திய நெகட்டிவின் அளவு 8 அங்குலத்துக்கு 10 அங்குலம். பரப்பளவைக் கணக்கிட்டால் ஸ்டில் நெகட்டிவ் ஒரு ஃப்ரேமைப் போல நூறு மடங்குக்கும் மேல் பெரியது. (நெகட்டிவ் என்பது வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாகவும் இருண்ட இடம் தெளிவாகவும் பதியும் மூலப் பிலிம். அதிலிருந்துதான் நாம் பார்க்கும் பிரிண்ட் வருகிறது.)

இவ்வளவு பெரிய நெகட்டிவை வைத்துக்கொண்டு பெரிதாக்க வேண்டிய தேவையே இல்லை. அதே அளவுள்ள போட்டோ தாளின் மேல் நெகட்டிவை நேராகப் படியவைத்து வெளிச்சம் காட்டினால் போதும். இதற்குப் பெயர் கான்டாக்ட் பிரிண்ட். நடுவில் லென்ஸ் எதுவும் இல்லாததால் நெகட்டிவில் உள்ள நுணுக்கம் எல்லாம் தாளுக்கு வந்துவிடும். சேனியின் தொப்பி மயிரும், முகச் சுருக்கத்தில் படிந்த மேக்கப்பும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் துல்லியமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது நேரம். சினிமா கேமரா ஒரு நொடிக்கு இருபது ஃப்ரேம் அளவில் எடுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைப்பது நொடியில் மிகச் சிறிய ஒரு பங்குதான் என்றாலும், அதற்குள் நடிகர் கையை வீசினால் அந்தக் கை ஃப்ரேமில் மங்கலாகத்தான் விழும். படம் ஓடும்போது அந்த மங்கல் நமக்குத் தெரியாது. சொல்லப்போனால் அசைவு இயல்பாகத் தெரிவதற்கு அது உதவவும் செய்கிறது. அந்த ஒரு ஃப்ரேமை மட்டும் தனியே எடுத்துப் பெரிதாக்கினால் குறை பளிச்சென்று தெரியும். பத்திரிகைக்கு அது உதவாது. அன்றைய பத்திரிகை அச்சு, புகைப்படத்தைப் புள்ளிகளாக உடைத்து மலிவான தாளில் அடித்தது. மூலம் கூர்மையாகவும் கறுப்பு வெள்ளை நன்றாகப் பிரிந்தும் இருந்தால்தான் அச்சில் ஏதாவது தேறும்.

ஆக, படச்சுருளில் இருந்து ஒரு ஃப்ரேமை வெட்டி விளம்பரத்துக்குக் கொடுப்பது தொழில்நுட்ப ரீதியாகவே சரிப்பட்டு வராத வழி. அதனால்தான் ஒவ்வொரு படத்துக்கும் தனி ஆள், தனி கேமரா என்று செலவு செய்தார்கள்.

"அப்படியே நில்லுங்கள்"

ஒரு ஷாட் எடுத்து முடிந்ததும் இயக்குநர் சரி என்பார். உடனே ஸ்டில் கேமராமேன் முன்னே வருவார். முக்காலியில் நிற்கும் பெரிய மரக் கேமரா, பின்னால் கறுப்புத் துணி. துணிக்குள் தலையை விட்டால் மங்கலான கண்ணாடித் தகட்டில் காட்சி தலைகீழாகத் தெரியும். அதில் ஃபோகஸ் பார்த்து, நெகட்டிவ் உள்ள சட்டத்தைச் செருகி, நடிகர்களை அசையாமல் நிற்கச் சொல்லி எடுப்பார். எக்ஸ்போஷர், அதாவது நெகட்டிவில் வெளிச்சம் விழும் நேரம், பல சமயம் சினிமா ஃப்ரேமைவிட வெகு நீளம். பேய் பாய்வது போன்ற ஸ்டில்லில் பேய் பாயவில்லை. பாய்கிற மாதிரி ஒரு காலில் எடையைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இந்த இடத்தில் ஸ்டில் கேமராமேனுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைக்கிறது. சினிமாவுக்கு வைத்த விளக்குகள் நடிகர் நடந்து போகும் வழி முழுக்க வெளிச்சம் தர வேண்டும். ஸ்டில்லுக்கு ஒரே நிலை போதும். ஒரு விளக்கைத் தரையில் இறக்கி வைத்தால் புருவ நிழல் நெற்றியில் ஏறும், முகம் வேறு மாதிரி ஆகிவிடும். படத்தில் பத்தடி தள்ளி நிற்கும் இருவரை ஸ்டில்லில் நெருக்கி நிறுத்துவார்கள். நடிகர் கேமராவை நேராகப் பார்ப்பார். படத்தில் அப்படிப் பார்த்திருக்கவே மாட்டார். நம்மை உறைய வைக்கும் பேய்ப்பட ஸ்டில்கள் பலவற்றின் பலம் இந்த நேர்ப்பார்வையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஸ்டில் எடுத்தவர்களுக்குக் கலைஞர்களாகக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு. யுனிவர்சல் ஸ்டூடியோவில் பணியாற்றிய ரோமன் ஃப்ராய்லிக் போன்ற ஒரு சிலரின் பெயர்தான் இன்று பேசப்படுகிறது. மற்றபடி ஆயிரக்கணக்கான ஸ்டில்கள் யார் எடுத்தது என்ற குறிப்பே இல்லாமல் சுற்றுகின்றன.

எடுத்த பிறகும் வேலை உண்டு. அவ்வளவு பெரிய நெகட்டிவில் பென்சிலால் தீற்றலாம், மெல்லிய கத்தியால் சுரண்டலாம். முகக்கோடு மறையும், ஓரத்தில் எட்டிப் பார்க்கும் விளக்குத் தண்டு காணாமல் போகும். இப்படிக் கையால் திருத்துவதை ரீடச் என்பார்கள். கணினி வந்த பிறகுதான் புகைப்படத்தைத் திருத்தத் தொடங்கினார்கள் என்பது இன்னொரு பரவலான தவறான எண்ணம்.

எல்லா ஸ்டில்லும் காட்சியைக் காட்டுவதற்காக எடுத்தவையும் அல்ல. நடிகரைத் தனி அறையில் உட்காரவைத்து எடுக்கும் முகப்படங்கள் ஒரு வகை. இயக்குநர் கை நீட்டிப் பேசுவது, மேக்கப் போடுவது என்று வேலையைக் காட்டுபவை இன்னொரு வகை. உடையும் அரங்கமும் அடுத்த நாளும் மாறாமல் இருக்கக் குறிப்புக்காக எடுத்தவை வேறு. நாம் எல்லாவற்றையும் 'படத்தில் வரும் காட்சி' என்றே சொல்லிவிடுகிறோம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஸ்டில் தனிக் கேமராவில் எடுத்தது. நெகட்டிவ் பெரியது. நடிகர்கள் அதற்காகவே நின்றார்கள். வெளிச்சம் மாறியிருக்கலாம், பிறகு கையாலும் திருத்தியிருக்கலாம்.

பச்சை முகம் எப்படி வெளுத்தது

கறுப்பு வெள்ளை ஸ்டில்லைப் பார்த்து 'அன்று அவர் முகம் என்ன நிறம்' என்று கேட்பவர்கள் உண்டு. 1931ல் யுனிவர்சல் எடுத்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' இதற்கு நல்ல உதாரணம். இயக்குநர் ஜேம்ஸ் வேல். அரக்கனாக நடித்தவர் போரிஸ் கார்லாஃப். மேக்கப் ஜாக் பியர்ஸ். பஞ்சையும் கொலோடியன் என்ற பிசின் போன்ற திரவத்தையும் அடுக்கடுக்காக வைத்துத்தான் அந்தத் தட்டையான மண்டையை உருவாக்கினார்கள். வாயில் பொருத்தியிருந்த செயற்கைப் பற்களைக் கழற்றிவிட்டு கார்லாஃப் ஒரு பக்கக் கன்னத்தை உள்வாங்கவைத்தார். முகத்தில் பூசியது பச்சை கலந்த சாம்பல் சாயம்.

ஏன் பச்சை? கறுப்பு வெள்ளைப் பிலிம் நிறத்தைப் பார்ப்பதில்லை. எந்த நிற ஒளி எவ்வளவு உறைக்கிறது என்பதை மட்டும் சாம்பல் அளவாகப் பதிகிறது. அந்தச் சாயம் பிலிமில் பிணத்தின் வெளுப்பாக விழுந்தது. பச்சைச் சாயம் பூசிய சேதி பிற்பாடு பரவி, பொம்மைகளும் முகமூடிகளும் அவரைப் பச்சையாகவே காட்டத் தொடங்கின. திரையில் பார்த்தவர்களுக்கு அவர் எந்த நாளும் பச்சை இல்லை.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 1920களின் நடுப்பகுதிவரை பரவலாக இருந்த பிலிமுக்குச் சிவப்பு உறைக்காது. சிவப்பு உதடு கறுப்பாக விழும், நீலக் கண் வெளிறிப் போகும். அதை ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் என்பார்கள். எல்லா நிறத்தையும் ஓரளவு ஒழுங்காகப் பதியும் பான்குரோமாட்டிக் பிலிம் 1920களின் பிற்பகுதியில்தான் அதன் இடத்தைப் பிடித்தது. சினிமா கேமராவில் ஒரு வகையும் ஸ்டில் கேமராவில் இன்னொரு வகையும் இருந்தால், ஒரே மேக்கப் இரண்டிலும் வேறு வேறு சாம்பலாகத் தெரியும்.

தியேட்டர் வாசலில் வைக்க 11க்கு 14 அங்குல அட்டைகள் அச்சடிப்பார்கள். அவைதான் லாபி கார்டுகள். பல கார்டுகளில் வண்ணம் இருக்கும். அந்த வண்ணம் அச்சகத்தில் ஏற்றியது. அதை வைத்து உடையின் உண்மை நிறத்தைச் சொல்ல முடியாது.

காட்டுவதும் விளம்பரம், மறைப்பதும் விளம்பரம்

ஸ்டில்லின் எஜமானர் ஸ்டூடியோவின் விளம்பரத் துறை. எதை, எப்போது, யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வது அவர்கள்தான். இதற்குச் சிறந்த சான்று சேனி நடித்து 1925ல் யுனிவர்சல் வெளியிட்ட 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா'. முகமூடிக்குப் பின்னால் உள்ள அந்த மண்டையோட்டு முகத்தின் புகைப்படத்தை, படம் வெளியாகும்வரை பத்திரிகைகளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். நாயகி முகமூடியை இழுக்கும் கணத்தில்தான் பார்வையாளர் அந்த முகத்தை முதன்முதலாகப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். இன்று அதே முகத்தின் ஸ்டில் எங்கும் கிடைக்கிறது. படத்தைப் பார்க்கும் முன்பே முகத்தைப் பார்த்துவிடுகிறோம். அந்த முதல் அதிர்ச்சி நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது.

'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்'டில் நடந்தது இதற்கு நேர் எதிர். அந்தத் தொப்பிக்காரரையே எங்கும் முன்னிறுத்தினார்கள். அதனால் அது ஒரு ரத்தக் காட்டேரிப் படம் என்றுதான் இன்றும் பலர் நினைக்கிறார்கள். கதை அப்படி இல்லை. லண்டனில் ஒரு செல்வந்தர் இறந்துகிடக்கிறார். அது தற்கொலை என்று முடித்துவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து, ஸ்காட்லாந்து யார்டு எனப்படும் லண்டன் போலீஸின் அதிகாரி பர்க் கொலைகாரனைக் கண்டுபிடிக்க ஒரு நாடகம் போடுகிறார். காட்டேரி அந்த நாடகத்தின் ஒரு வேடம்தான். பர்க், காட்டேரி இரண்டும் சேனியே. கண்ணைப் பிதுங்கவைக்க மோனோக்கிள் என்ற ஒற்றைக்கண் கண்ணாடி போல ஒரு கம்பி வளையத்தை மாட்டிக்கொண்டார். ஒரு துப்பறிவாளர் போட்ட வேடம் என்பதால், காட்டேரியை வேண்டுமென்றே கொஞ்சம் மிகையாகவே நடித்தார் என்று தெரிகிறது. ஸ்டில்லில் மிரட்டலாக உறைந்து நிற்கும் அதே முகம், படத்தில் அசையும்போது ஓரளவு கோமாளித்தனத்தோடும் இருந்திருக்கும். ஸ்டில்லைப் பார்த்து இதை ஊகிக்கவே முடியாது.

படம் எரிந்தும் ஸ்டில் எப்படித் தப்பியது?

1950களின் தொடக்கம்வரை சினிமாச் சுருள்கள் நைட்ரேட் என்ற பொருளால் செய்யப்பட்டவை. நைட்ரேட் சட்டென்று பற்றிக்கொள்ளும். எரிவதற்கான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். பற்றாவிட்டாலும், நாளாக ஆகப் பிசுபிசுத்துப் பொடியாகும். அதோடு, பேசும்படம் வந்த பிறகு ஊமைப்படங்களுக்கு மதிப்புப் போனது. ஓடி முடிந்த பிரதிகளைத் திரும்ப வாங்கி, அவற்றில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அழிப்பதும் வழக்கமாக இருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்க ஸ்டூடியோக்கள் எடுத்த ஏறத்தாழ 11 ஆயிரம் முழுநீள ஊமைப்படங்களில் 14 சதவீதம் மட்டுமே முதலில் வெளியான அதே வடிவில் முழுமையாக இருக்கின்றன.

ஸ்டில்லின் வாழ்க்கை வேறு. அது தாளில் அச்சானது. ஒரே நெகட்டிவில் இருந்து எண்ணற்ற பிரிண்டுகள் போட்டு, பத்திரிகை அலுவலகம், தியேட்டர், ரசிகர் இதழ் என்று ஊர் ஊராக அனுப்பினார்கள். ஸ்டூடியோவிலும் ஒவ்வொரு படத்துக்கும் எல்லா ஸ்டில்களையும் வரிசை எண்ணோடு ஒட்டி வைத்த ஆல்பம் இருந்தது. அதற்கு கீ புக் என்று பெயர். படத்தின் பிரதிகள் ஸ்டூடியோவின் கட்டுப்பாட்டில், ஒரு சில கிடங்குகளில் முடங்கின. ஸ்டில்களோ ஆயிரம் மேசை இழுப்பறைகளுக்குச் சிதறிப் போயின. ஒரு தீ ஒரு கிடங்கை அழிக்கும், அத்தனை இழுப்பறைகளையும் அழிக்காது. யாரும் திட்டமிட்டுப் பாதுகாக்கவில்லை. விளம்பரத்துக்காக வாரி இறைத்ததே பாதுகாப்பாக முடிந்தது.

2002ல் டர்னர் கிளாசிக் மூவீஸ் தொலைக்காட்சிக்காக ரிக் ஷ்மிட்லின் 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' ஸ்டில்களை மூலத் திரைக்கதையின் வரிசையில் அடுக்கி, ஏறத்தாழ 45 நிமிடத்துக்கு ஒரு மறு உருவாக்கம் செய்தார். நிலையான புகைப்படத்தின் மேல் கேமரா மெல்ல நகரும், நெருங்கும், விலகும். நல்ல உழைப்பு, கதை தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் இதைப் பார்த்தவர்களில் சிலர் 'படத்தைப் பார்த்துவிட்டேன்' என்று சொல்லும்போது மனம் ஒப்பவில்லை. பிரவுனிங் எங்கே வெட்டினார், எவ்வளவு நேரம் காட்டினார், சேனி எப்படி நடந்தார் என்பதெல்லாம் ஸ்டில் கேமராவுக்குள் போகாத விஷயங்கள். உண்மையான படத்தைப் பார்த்த வரலாற்றாசிரியர் வில்லியம் கே. எவர்சன், பிரவுனிங் அதே கதையை 1935ல் மறுபடி எடுத்த 'மார்க் ஆஃப் தி வாம்பயர்' படமே மேல் என்று கருதினார். ஸ்டில்களை மட்டும் பார்த்து நாம் மனதில் கட்டி வைத்திருக்கும் மாபெரும் படம், எரிந்துபோன படத்தைவிடப் பெரியதாகக்கூட இருக்கலாம்.

சுருக்கமாக: படமும் ஸ்டில்லும் தனித்தனிப் பொருள்கள் என்பதால் ஒன்று அழிந்தும் மற்றது மிஞ்சியது. அதே காரணத்தால் ஒன்றை வைத்து மற்றதை முழுதாக எடைபோட முடியாது.

கையில் கிடைத்தது ஸ்டில்லா, ஃப்ரேமா?

கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. முகத்தில் தோல் நுணுக்கம்வரை தெரிந்தால் பெரும்பாலும் ஸ்டில். துகள் துகளாக, அசையும் கை மங்கலாக இருந்தால் ஃப்ரேமாக இருக்கலாம். நடிகர் நேராக நம்மைப் பார்த்தால் ஸ்டில்லுக்கே வாய்ப்பு அதிகம். படம் கிடைக்கிற படமாக இருந்தால் அந்தக் காட்சியை ஓட்டிப் பாருங்கள். கேமராக் கோணம் கொஞ்சம் விலகியிருப்பது தெரியும். காரணம், இரண்டு கேமராக்களும் ஒரே இடத்தில் நிற்க முடியாது.

பிரிண்டின் கீழ் மூலையில் நடுவில் கோடு போட்ட எண் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பகுதி பெரும்பாலும் ஸ்டூடியோ அந்தப் படத்துக்குக் கொடுத்த எண், இரண்டாவது அந்த ஸ்டில்லின் வரிசை எண். அப்புறம் பின்பக்கம். ஸ்டூடியோ முத்திரை, எப்போதிலிருந்து வெளியிடலாம் என்ற குறிப்பு, நடிகர் பெயரோடு தட்டச்சு செய்து ஒட்டிய தாள், பத்திரிகை அலுவலகத்தின் தேதி முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும். எடுத்தவரின் பெயர் எங்காவது இருக்குமானால் அதுவும் பெரும்பாலும் அங்கேதான். பழைய பேய்ப்பட ஸ்டில்களைச் சேகரித்து ஸ்கேன் செய்து இணையத்தில் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முன்பக்கத்தோடு நிறுத்தாமல் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து போடுங்கள், ஓரத்து வெள்ளையையும் எண்ணையும் வெட்டி எறியாதீர்கள்.